எச்சரிக்கை கடைசி லயம்வரை செல்லவேண்டும்

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வாலிபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே பேசுவோர் கல்வி, ஒழுக்கம், மொழி, சமயம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அவையெல்லாம் வேண்டியனவே. ஆயினும் அவற்றைப் பேணுவதற்கு முதலில் மனிதன் உயிரோடிருக்க வேண்டும். ஆகவே, புயலும் பெருமழையும் வரும்போது நம் மக்களைக் காப்பது எப்படி என்பதையே இன்று நாம் பேசப்போகின்றோம். இஃது அரசாங்க உத்தியோகத்தர் பேசவேண்டிய விஷயமன்றோ, வாலிபர் சங்கத்துக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு. அதிலும், வேறு எவராலும் செய்ய இயலாத ஒரு வேலை உண்டு. அதனை எடுத்துச் சொல்லவே உங்கள் முன் நிற்கின்றோம்.

நம் ஊவா நாட்டின் காலநிலை இலங்கையின் மேற்குப் பகுதியைப் போன்றதன்று. ஆனி, ஆடி மாதங்களில் இரத்தினபுரியிலும் அவிசாவளையிலும் மழை கொட்டும்போது, மத்திய மலைகளைத் தாண்டி நம் பக்கம் வருவது வறண்ட காற்றே. அந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருகின்றது. நமக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரையில் வருகின்றது. வங்காள விரிகுடாவில் எழும் தாழமுக்கங்களும் புயல்களும் அந்தக் காலத்திலேதான் கிழக்குக் கரையை நோக்கி வருகின்றன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலோரத்தைத் தாக்குவது காற்றும் கடலும். அதே புயல் மலைநாட்டுக்குள் வரும்போது மழையாகவும் மண்ணாகவும் மாறிவிடுகின்றது. கடலிலே பிறந்த புயல் மலையிலே மண்சரிவாக வந்து கொல்லும் என்பதை நாம் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

இவையன்றி இன்னுமொன்று உண்டு. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் காலையிலே நல்ல வெயில் இருக்கும். பிற்பகலில் நமுனுகுலைப் பக்கம் கறுத்து, திடீரென்று இடியும் மின்னலும் காற்றும் வந்து, சில நிமிடங்களில் லயத்துத் தகரங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பத்திரிகைகள் இதற்கு ‘மினி சூறாவளி’ என்று பெயரிட்டிருக்கின்றன. அமெரிக்க நாட்டில் ‘டொர்னாடோ’ எனப்படும் சுழற்காற்று இதைவிடப் பன்மடங்கு கொடியது. அது மேகத்திலிருந்து தும்பிக்கைபோல் இறங்கி, தொட்ட வீட்டை வேரோடு எடுத்துவிடும்.

அந்தச் சுழற்காற்றைப் பற்றிய ஒரு செய்தி நமக்கும் பாடமாக அமையும். முன்னொரு காலத்தில் அமெரிக்க வானிலை இலாகா தன் அறிக்கைகளில் ‘டொர்னாடோ’ என்ற சொல்லையே சொல்லாமல் தவிர்த்து வந்தது. சொன்னால் ஜனங்கள் பீதியடைந்து ஓடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். 1948ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி ஒக்லகோமா மாநிலத்தில் ஒரு விமானப்படைத் தளத்தைச் சுழற்காற்றுத் தாக்கிப் பல விமானங்களை நொறுக்கியது. அங்கிருந்த ஃபோபுஷ், மில்லர் என்ற இரு உத்தியோகத்தர்கள் அன்றைய வானிலைக் குறிப்புகளை ஆராய்ந்தனர். ஐந்து நாள் கழித்து, மார்ச் 25ஆம் திகதி, அதே அறிகுறிகளைக் கண்டு துணிந்து எச்சரிக்கை விடுத்தனர். விமானங்கள் பத்திரப்படுத்தப்பட்டன, ஆட்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். அன்று மாலையே அந்தத் தளத்தை மீண்டும் சுழற்காற்றுத் தாக்கியது. முன்னறிவிப்பு உண்டாயிருந்தமையால் சேதம் குறைந்தது. 1950இல் அந்தப் பழைய தடையும் நீக்கப்பட்டது. ஜனங்களிடம் உண்மையைச் சொன்னால் அவர்கள் பீதியடைவார்கள் என்பது பெரும்பாலும் பொய்யச்சம். தெளிவாகவும் நேரத்தோடும் சொன்னால் ஜனங்கள் அறிவோடு நடந்துகொள்வார்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி. தீபாவளி கழிந்து ஒரு வாரம். ஹல்துமுல்லைப் பிரிவிலே, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில், காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து வந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போன பிள்ளைகள் திரும்பிவந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. சிலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. தப்பியவர்களிற் பலர் மாகல்தெனியப் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலே நெடுங்காலம் தங்கியிருக்க நேர்ந்தது. இவையெல்லாம் நீங்கள் அறிந்தனவே.

ஆனால் நாம் சிந்திக்கவேண்டியது வேறொன்று. அந்த மலை சரியக்கூடியது என்பது எவருக்கும் தெரியாத இரகசியமாக இருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அந்த இடம் அபாயமானது, மக்கள் அங்கிருந்து அகலவேண்டும் என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களும் அங்கேயே இருந்தார்கள். ஏன்?

‘நம் ஜனங்கள் அறியாமையால் இருந்துவிட்டார்கள்’ என்று சொல்வது எளிது. அது நியாயமன்று. லயக் காம்பிரா தொழிலாளியின் சொத்தன்று. அது நிற்கும் நிலமும் அவனுடையதன்று. அந்த இடத்தை அவன் தெரிந்தெடுக்கவுமில்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் காடு வெட்டி மலையைத் திறந்தவர்கள், தேயிலை நடுவதற்கு நல்ல நிலம் போக மிஞ்சிய இடத்திலே லயம் கட்டினார்கள். அங்கே குடியிருப்பவனைப் பார்த்து ‘இங்கிருந்து போ’ என்றால், ‘எங்கே போவது?’ என்று அவன் கேட்கமாட்டானா? போகுமிடம் சொல்லாத எச்சரிக்கை அரை எச்சரிக்கையே. இதனை இந்தச் சங்கம் எந்த மேடையிலும் சொல்லத் தயங்கக்கூடாது.

பதினொரு ஆண்டுகள் கழிந்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ‘டித்வா’ புயல் வந்தது. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே உயிர்ச்சேதத்தில் முன்னின்றன. வீதிகள் அறுந்தன, மலைநாட்டு இரயில்பாதை பல இடங்களில் உடைந்தது, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. அப்பொழுது எழுந்த முறைப்பாடுகளில் ஒன்று நம் நெஞ்சைத் தைப்பது. எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த வேகத்திலும் விரிவிலும் தமிழில் வரவில்லை என்பதே அது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. உரிமைக்காக அதைக் கேட்பது ஒருபுறமிருக்க, உயிருக்காகவே அதைக் கேட்கவேண்டியிருக்கின்றது. தனக்கு விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை, வராத எச்சரிக்கைக்குச் சமம்.

ஆகவே ஓர் எச்சரிக்கை முழுமை பெறுவதற்கு மூன்று வேண்டும். அது நேரத்தோடு வரவேண்டும். கேட்பவனுக்கு விளங்கும் மொழியிலே, அவன் நம்பும் வாயிலிருந்து வரவேண்டும். எங்கே போகவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். முதலாவதை விஞ்ஞானிகள் செய்கின்றார்கள். இரண்டாவதை நாம் செய்யலாம். மூன்றாவதை நாமும் அரசாங்கமும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து செய்யவேண்டும்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோர் வங்காள தேசத்தைப் பார்க்கட்டும். 1970ஆம் ஆண்டு நவம்பரில் அங்கு அடித்த புயலில் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியால் கிராமந்தோறும் தொண்டர் படை அமைக்கப்பட்டது. கொடியும் ஒலிபெருக்கியும் கையில் கொண்டு, வீடுவீடாகச் சென்று, ஜனங்களைப் பாதுகாப்பு மண்டபங்களுக்கு அழைத்துச் செல்வதே அத்தொண்டர்களின் வேலை. மண்டபங்களும் வருடாவருடம் கூடிவந்தன. 2007இல் ‘சிட்ர்’ என்னும் கடும்புயல் வந்தபோது இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் பெருந்துயரமே. ஆயினும் 3 இலட்சம் எங்கே, 3,400 எங்கே! அவர்கள் நம்மைவிடச் செல்வம் படைத்தவர்களல்லர். அந்த வேலையைச் செய்தவர்கள் பக்கத்து வீட்டு வாலிபர்களும் பெண்களுமே.

இனி நம் வாலிபர்கள் அறிந்திருக்க வேண்டிய விபரங்களைச் சொல்வோம். கேட்டு மறந்துவிடாமல் வீட்டிலும் சொல்லுங்கள்.

முதலாவது, மலை ஏன் சரிகின்றது? மண்ணுக்குள் நீர் நிறையும்போது மண்ணின் பாரம் கூடுகின்றது. மண்ணையும் அடியிலுள்ள பாறையையும் பிடித்துவைத்திருக்கும் பிடிமானம் தளர்கின்றது. மலையின் அடியை வெட்டி வீடோ வீதியோ அமைத்தால் அதன் தாங்குதல் போய்விடுகின்றது. கான்கள் அடைபட்டால் ஓடவேண்டிய நீர் உள்ளே இறங்குகின்றது. பதுளை நகரத்துக்கு அருகே, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் பக்கத்திலே, பதுளுசிரிகம என்ற இடத்தில் நிலம் மெல்ல மெல்ல நகர்ந்து வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஜப்பானியரின் உதவியோடு அங்கே நிலத்தடி நீரை வடிக்கும் வேலை செய்யப்பட்டது. நீரை வடித்தால் நிலம் அடங்குகின்றது என்பதே அதன் பாடம். அப்படியானால் நம் லயத்துக்கு மேலுள்ள கானைச் சுத்தமாக வைத்திருப்பதும் ஓர் உயிர்காக்கும் தொண்டு அன்றோ?

இரண்டாவது, எவ்வளவு மழை அபாயமானது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து இன்னும் பெய்தால் மஞ்சள் எச்சரிக்கை: விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் ஆனால் செம்மஞ்சள்: புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர் ஆனால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், சிவப்பு: உடனே வெளியேறவேண்டும். பழைய கணக்கில் பழகிய பெரியவர்களுக்கு மூன்று அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று சொன்னால் மனத்தில் நிற்கும். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். பல நாள் மழையில் ஊறிக்கிடக்கும் மலை இதைவிடக் குறைந்த மழையிலும் சரியலாம்.

மழையை அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. வாயும் அடியும் ஒரே அகலமாயுள்ள ஒரு தகரப் பேணியும், ஓர் அடிமட்டமும் போதும். மரமும் கூரையும் மறைக்காத வெளியிலே, சாயாமல் நிறுத்திவையுங்கள். காலையில் ஒருமுறை அளந்து எழுதிவிட்டு நீரைக் கொட்டிவிடுங்கள். பெருமழை நாளில் ஒவ்வொரு மணிக்கும் அளவைப் பாருங்கள். தோட்ட ஆபீசிலே மழைமானி இருந்தால் அதன் கணக்கையும் கேட்டுப் பெறலாம். நம் கையால் அளந்த மழை நமக்கு விளங்கும் மொழியில் பேசும். தொலைபேசி அறுந்தாலும் அந்தப் பேணி பேசிக்கொண்டேயிருக்கும்.

மூன்றாவது, மலை தானே கொடுக்கும் எச்சரிக்கைகள். சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்புக் காணுதல், நேற்றுவரை சரியாய்ப் பூட்டிய கதவு இன்று இறுகுதல், மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், ஊற்று இல்லாத இடத்தில் ஊற்றெடுத்தல், இருந்த ஊற்று வற்றுதல், தெளிந்த ஓடை திடீரெனச் சேறாகுதல், ஓடுகின்ற ஓடை மழையின் நடுவே நின்றுபோதல், மேலே உறுமும் சத்தம் கேட்டல் ஆகியவை அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எவருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம். புறப்படுங்கள், வழியிலே அயலாரையும் எழுப்புங்கள். அதன் பின்னர் 117 என்ற இலக்கத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவியுங்கள்.

நான்காவது, உள்ளேயிருப்பதா, வெளியேறுவதா? இதிலேதான் பலரும் குழம்புகின்றார்கள். திடீர்க் காற்றுக்கும் இடிமின்னலுக்கும் உள்ளே; நீடித்த பெருமழைக்கு வெளியே. இந்த வாக்கியத்தைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்குங்கள். திடீர்க் காற்று வரும்போது வெளியே ஓடினால் பறந்துவரும் தகரம் வெட்டிவிடும். கதவு, யன்னல்களை விட்டு விலகி, உட்காம்பிராவில், வலுவான மேசை கட்டிலின் கீழே குழந்தைகளை வைத்துக்கொண்டு அது கடந்துபோகும்வரை இருக்கவேண்டும். துருப்பிடித்த ஆணிகளை மாற்றுவதையும், தகரத்தைக் கம்பியால் வளையோடு பிணைப்பதையும், கூரைக்கு மேலே தொங்கும் கிளைகளை வெட்டுவிப்பதையும் மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடவேண்டும். ஆனால் மலைச்சரிவிலுள்ள லயத்திலே, நாள் முழுவதும் மழை விடாது பெய்கின்றபோது உள்ளே பதுங்குவது பாதுகாப்பன்று. அமெரிக்கன் சுழற்காற்றுக்கு நிலவறைக்குள் இறங்குகின்றான். நாம் மண்சரிவுக்கு அப்படிச் செய்தால் அதுவே நம் புதைகுழியாகிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டுவிடவேண்டும். இருட்டிலே, மழையிலே, கைக்குழந்தையோடு இறங்குவது பெரும் அபாயம். போகும்போது ஓடையைக் கடக்க வேண்டாம். ஓடை வழியே கீழிறங்கவும் வேண்டாம். மண் வருவதைக் கண்டால் அதன் வழிக்குக் குறுக்காக விலகிப் பக்கவாட்டிலே மேட்டை நோக்கிச் செல்லவேண்டும். ஒருமுறை சரிந்த இடத்தில் மறுமுறையும் சரிவு வருவதுண்டு. ஆகையால் பொருளெடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

இடிமின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி சென்றால் மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் விழுந்திருக்கின்றது. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மலையில் நிற்பவர்கள் வேலையை நிறுத்திக் கட்டடத்துக்குள் சென்றுவிடவேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை திரும்பக்கூடாது. கொழுந்து கூடையிலே குறைந்தால் நாளைக்கு எடுக்கலாம். உயிர் குறைந்தால் எடுப்பதெங்கே? தனித்து நிற்கும் மரத்தடியில் ஒதுங்கவேண்டாம், கம்பிவேலியைத் தொடவேண்டாம். ஒதுங்க இடமே இல்லையென்றால் ஒருவருக்கொருவர் விலகி, பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருக்க வேண்டும், படுக்கக்கூடாது. இதனைத் தோட்ட நிர்வாகங்களுக்கும் எழுத்திலே தெரிவித்து, இடிமுழக்கத்தில் வேலை நிறுத்தும் ஒழுங்கு ஒன்றைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் கடமை.

இப்பொழுது சங்கம் செய்யவேண்டிய காரியத்துக்கு வருவோம்.

முன்னாளில் விடியற்காலையிலே பெரட்டுக்கு ஆள் எழுப்பத் தப்பு அடித்தார்கள். அந்த ஒலி கடைசி லயம்வரை கேட்டது. வேலைக்கு எழுப்புவதற்கு ஓர் ஒலி ஏற்படுத்தியிருந்தார்கள். உயிரைக் காக்க எழுப்புவதற்கு ஓர் ஒலி இன்றுவரை நம்மிடம் இல்லை. அதனை நாமே ஏற்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் கோவில் உண்டு. கோவிலிலே மணி உண்டு. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வைத்திருக்கின்றோம். பூசைக்கு அடிப்பது போலல்லாமல், விட்டு விட்டு நீண்ட நேரம் அடிக்கும் ஒரு மணியோசையை அபாயத்துக்கென்று ஊரார் கூடி முடிவு செய்யட்டும். வேறெதற்கும் அதனை அடிக்கக்கூடாது. மின்சாரம் போனாலும் மணி அடிக்கும்.

ஒவ்வொரு லயத்துக்கும் இருவரை, இயன்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, பொறுப்பாக்க வேண்டும். தங்கள் லயத்தில் நடக்கமுடியாத பெரியவர் யார், பிள்ளைத்தாய்ச்சி யார், கைக்குழந்தை எந்த வீட்டில், கண் தெரியாதவர், காது கேளாதவர் எவர் என்பதை அவர்கள் எழுதிவைத்திருக்க வேண்டும். மணி அடித்ததும் யாரை யார் தூக்கிச் செல்வது என்பது முன்னரே முடிவாயிருக்க வேண்டும். இந்த ஒரு பட்டியலைக் கொழும்பிலிருந்து எவரும் எழுத முடியாது. கங்காணி வீட்டுப் பாட்டிக்குக் காது மந்தம் என்பதை வானிலை இலாகா அறியாது. நம் பையன் அறிவான். வேறெவராலும் இயலாத வேலை என்று தொடக்கத்திலே சொன்னோமே, அது இதுதான்.

சிங்களமும் தமிழும் நன்கு எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர் நம்மிடையே பலர் உள்ளனர். மழைக்காலத்தில் முறைவைத்து, வளிமண்டலவியல் திணைக்களமும் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் விடுக்கும் அறிவித்தல்களை உடனுக்குடன் எளிய தமிழில் எழுதி, எந்தத் திணைக்களம், எந்த நாள், எத்தனை மணி என்பதையும் சேர்த்து, தோட்டங்களுக்கு அனுப்பட்டும். கைத்தொலைபேசியில் வரும் ஊர்பேர் தெரியாத வதந்திகளை அனுப்பவே கூடாது. ஒரு பொய்ச் செய்தி பத்து மெய்ச் செய்திகளைக் கொன்றுவிடும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் முஸ்லிம் அயலாருக்கும் நம் மணியின் பொருளைச் சொல்லிவையுங்கள். அவர்களுடைய ஒலியின் பொருளை நாமும் அறிந்துகொள்வோம். சரிகின்ற மண் எவருடைய மொழியையும் கேட்பதில்லை.

போய்ச் சேருமிடத்தையும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். கோவில் மண்டபமாயினும் பாடசாலையாயினும் அதுவே சரிவில் இருந்தால் பயனென்ன? மாவட்டத்துக்கென்று மண்சரிவு அபாய வரைபடங்கள் உள. 1990ஆம் ஆண்டிலே அந்த வேலை தொடங்கப்பட்டதே பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேதான். பிரதேச செயலகத்துக்கும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதி, இந்த இடம் தங்குவதற்கு ஏற்றதா என்று எழுத்திலே பதில் பெற்று வைக்கவேண்டும். ஐப்பசி பிறக்குமுன், புரட்டாதியிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணியடித்து ஊர் முழுவதும் அங்கே நடந்துபோய்ப் பார்க்கவேண்டும். எத்தனை நிமிடம் சென்றது, எந்தப் பாலம் வழுக்கியது, யார் பின்தங்கினார் என்பதெல்லாம் அன்று தெரியவரும். வருடத்தில் ஒரு நாள் செலவிட இயலாதா?

பெரியவர்களே, உங்களிடம் பணிவோடு ஒன்று கேட்கின்றோம். ‘அறுபது வருஷமா இந்த லயத்துல இருக்கோம், ஒன்னும் ஆகல’ என்று நீங்கள் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் அறுபது வருடத்துக்கு முன்னிருந்த மலை இன்றில்லை. மேலே மரம் குறைந்தது; கீழே வீதி வெட்டினார்கள்; கான்கள் தூர்ந்தன. மீரியபெத்தையிலும் அன்றைக்கு முதல்நாள் வரை ஒன்றும் ஆகவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்தில் மண் வந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோதும் அப்படியே. நீங்கள் எழுந்து நடந்தால் வீடு முழுவதும் பின்னே வரும். நீங்கள் அசையாதிருந்தால் உங்களை விட்டுப்போக மனமில்லாமல் பேரப்பிள்ளையும் இருந்துவிடுவான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்து, நகை ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பைக்குள் கட்டிக் கதவடியில் தொங்கவிடுங்கள். அந்தப் பை கையிலிருந்தால் புறப்பட மனம் வரும்.

இன்னுமொன்று. ஒருநாள் மணியடித்துப் போய், இரவெல்லாம் குளிரிலே இருந்து, காலையில் ஒன்றும் நடவாமல் திரும்புவோம். அப்பொழுது மணியடித்த பையனைக் கேலி செய்யாதீர்கள். ஒன்றும் நடவாதது நம் பாக்கியம். அடுத்த முறை மணியடிக்க அவன் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்னவாகும்?

வாலிபர்களே, இவையெல்லாம் செய்தாலும் வேலை முடிந்துவிடாது. மணியடித்து ஜனங்களை இறக்கிக்கொண்டே இருப்பது வாழ்க்கையாகாது. அபாயமான லயங்களிலுள்ளோருக்குப் பாதுகாப்பான நிலமும், அதற்கு உறுதியும், அதன்மேல் சொந்த வீடும் கிடைக்கும்வரை சங்கம் மனு எழுதிக்கொண்டேயிருக்க வேண்டும். மீரியபெத்தைக்கு எச்சரிக்கை வந்த 2005க்கும் மலை வந்த 2014க்கும் இடையில் ஒன்பது வருடங்கள் இருந்தன. அந்த ஒன்பது வருடத்திலே ஒரு குடியிருப்பைக் கட்டியிருக்கலாம். இன்று எந்த லயத்துக்கு எந்தக் கடிதம் வந்திருக்கின்றது, அதற்குப் பின் என்ன நடந்தது என்பதை ஒரு கொப்பியிலே எழுதத் தொடங்குங்கள். ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்திலே அதனை வாசியுங்கள். வாசிக்கப்படும் கடிதம் கோப்புக்குள் உறங்காது.

இன்றைய கூட்டம் கலைவதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் இருவர் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஒரு பேணியும், ஓர் அடிமட்டமும், ஒரு கொப்பியும் சங்கம் தரும். மழைக்காலத்துக்கு இன்னும் நாள் இருக்கின்றது. இருக்கும்போதே தொடங்குவோம்.